இரண்டில் ஒன்று மண்ணுக்கு

முதலில் கெடுத்தவன் அரப்புளி. அவனுக்குப் பின்னால் அத்திக்குழி ஊரே சேர்ந்து சீரங்கனைக் கெடுத்தது என்றாலும், ஊர் தெரியாமல் செய்தது, அரப்புளி தெரிந்து செய்தான், ஆகவே வரிசையில் அவன்தான் முதல். அவன் அயலாளும் இல்லை. சீரங்கனின் பெண்சாதி சடைச்சிக்குக் கூடப்பிறந்த தம்பி; சீரங்கன் வீட்டுச் சாமைச்சோற்றைத் தின்று மீசை முளைத்தவன்; சீரங்கனின் ஒரே மகள் பூவாயி நடை பழகியபோது குனிந்து அவள் விரலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தவன்.

அத்திக்குழி கொல்லிமலையில், பஸ் வந்து திரும்புகிற இடத்துக்கு எட்டு மைல் உள்ளே இருக்கிறது. மூன்று ஓடை, இரண்டு ஏற்றம், ஒரு வழுக்குப்பாறை தாண்டினால் இருபத்திரண்டு வீடு. அந்தக் காட்டில் மழை பிடித்ததும் ஒரு செடி இரண்டு இலையைத் தரையோடு தரையாக விரித்துப் படுத்துக்கொள்ளும். அதன் சொந்தபந்தமெல்லாம் மரக்கிளையிலும் பாறை இடுக்கிலும் வேரைத் தொங்கவிட்டுக் காற்றைக் குடித்துப் பூக்கிறவை. இது மண்ணை நம்பிப் பிழைக்கிறது. ஆவணியில் முழ உயரத்துக்குத் தண்டு விட்டு, வெள்ளை நூலைப் பிரித்து உதறியது மாதிரிப் பூக்கும். தோண்டினால் அடியில் இரண்டு கிழங்கு. ஒன்று கறுத்துச் சுருங்கிக்கொண்டிருக்கும், அது இந்த வருசத்துச் செடிக்குத் தன்னைக் கொடுக்கிற தாய். மற்றது வெளுத்துக் கொழுத்திருக்கும், அது அடுத்த வருசத்துச் செடியைத் தனக்குள் வைத்திருக்கிற பிள்ளை. கீழ்நாட்டு மருந்துக்கடைக்காரர்கள் இதைச் சாலாமிசிரி என்பார்கள், மலையில் சோடிக்கிழங்கு. வெந்நீரில் முக்கி, நூலில் கோத்து, வெயிலில் காயவைத்தால் கொம்பு மாதிரி இறுகும். இடித்து மாவாக்கிப் பாலில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தால் பிள்ளை பெற்றவளும் காய்ச்சலில் விழுந்தவனும் எழுந்து உட்காருவார்கள்.

எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. தாய்க்கிழங்கில் சதை மிச்சம் இருக்கும்போதே அதை மட்டும் திருகி எடுத்துக்கொண்டு, பிள்ளையை இருந்த இடத்திலேயே விட்டு, மண்ணை மூடி, அதன்மேல் உள்ளங்கையை வைத்து, "ஒண்ணு எடுத்தேன், ஒண்ணு விட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கை வைக்காமல் எழுந்து போனவன் அத்திக்குழியில் அதுவரை கிடையாது.

நடுவதற்கும் ஒரு முறை உண்டு, அதுதான் சீரங்கனுக்கு வினையாக முடிந்தது. காட்டிலிருந்து ஒவ்வொரு கிழங்கோடும் அது பிறந்த இடத்து மண்ணில் ஒரு பிடி அள்ளி வர வேண்டும், அந்தப் பிடிமண் இல்லாவிட்டால் கிழங்கு அழுகிப்போகும். கடுக்காய் மரத்து அரைநிழலில், சருகு மக்கிய மண்ணைப் போட்டு, தண்ணீர் நிற்காதபடி சரிவு பார்த்து மேடை கட்ட வேண்டும். உரத்தைக் கண்ணில் காட்டக்கூடாது. நடுகிறவன் கிழங்கை வாயில் அடக்கி, அதன் குளிர் போய்த் தன் நாக்குச் சூடு ஏறுகிறவரைக்கும் வைத்திருந்து, அப்புறம்தான் குழியில் இறக்க வேண்டும். சீரங்கன் ஏழு வருசத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு கிழங்கை அப்படி வாயில் அடக்கி நட்டார். முள்ளம்பன்றி மோப்பம் பிடித்து வரும் என்று சுற்றிலும் இலந்தைமுள் அடைத்தார். ஐந்து வருசம் இலை மட்டும் வந்தது. ஆறாம் வருசம் நாலைந்து பூத்தன. ஏழாம் வருச ஆவணியில் மேடை முழுக்கப் பூத்தபோது, அதே மாதத்தில் பூவாயியின் கால்கள் அவள் சொன்னபடி கேட்பதை நிறுத்தின.

அவளுக்கு இருபத்தாறு வயது. கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து, நடக்கிற ஆளாக்கிவிட்டு அனுப்புங்கள் என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். கீழ்நாட்டு ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் வைத்துப் பார்த்த டாக்டர், "முதுகெலும்புக்குள்ள ஒரு கட்டி இருக்கு, எடுத்துட்டா நடப்பா. ஆனா முப்பத்தொரு கிலோ உடம்புல எப்படி நான் கத்தி வெக்கறது? நாப்பது கிலோவாக் கூட்டிட்டு வாங்க" என்றார். சீரங்கனுக்கு அது கேட்டதும் பாதி நிம்மதி. மேடையில் முந்நூற்றுப் பன்னிரண்டு செடி நிற்கிறது, ஒவ்வொன்றிலும் ஒன்று எடுத்தாலும் மகளை நாற்பது கிலோ ஆக்கிவிடலாம் என்று நினைத்தபடி, அவளை முதுகில் சுமந்துகொண்டு எட்டு மைல் ஏறி வந்தார். அறுபது வயதிலும் அவருக்கு அவ்வளவு தெம்பு இருந்தது என்பதை இங்கே சொல்லிவைக்க வேண்டும்.

ஊருக்குள் நுழையும்போதே பறைச் சத்தம் கேட்டது. அவரும் மகளும் கீழே போயிருந்த ஐந்து நாளில் அத்திக்குழியில் ஒரு காய்ச்சல் விழுந்து, சடைச்சி உள்பட வீட்டுக்கு வீடு ஆட்கள் நினைவில்லாமல் கிடந்திருக்கிறார்கள். நின்றுகொண்டிருந்தவன் அரப்புளி ஒருத்தன்தான். அவன் போய் இலந்தைமுள்ளை விலக்கி, முந்நூற்றுப் பன்னிரண்டு செடியையும் பிடுங்கி, தாயையும் எடுத்து, பிள்ளையையும் எடுத்து, கோயில் அண்டாவில் ஆட்டுப்பாலை ஊற்றிக் காய்ச்சி, ஒவ்வொரு வாயாக ஊற்றியிருக்கிறான். ஊர் எழுந்துவிட்டது. எழுந்தது மட்டுமல்ல, இதற்கு முன் இல்லாத தெம்போடு எழுந்து ஆடிக்கொண்டிருந்தது. அண்டாவை வழித்து, வழித்த விரலையும் நக்கி முடித்திருந்தார்கள். பூவாயிக்கு ஒரு கரண்டி இல்லை.

"சாகக் கெடந்தாங்க மாமா," என்றான் அரப்புளி. "நீங்க இருந்திருந்தா நீங்களே தோண்டியிருப்பீங்க."

"தோண்டியிருப்பேன்டா. ஒண்ணைத் தோண்டியிருப்பேன். இன்னொண்ணை எதுக்குடா எடுத்தே?"

"அண்டா நெறையலையே."

"கையாவது வெச்சியா?"

அரப்புளி பறையடிக்கிற பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தான் மட்டும் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தான், ஊரும் அதைச் சொல்லிச் சொல்லி உருகியது.

மறுநாள் காலையில் சீரங்கன் எழுந்து நின்றபோது அவருடைய அரைஞாண் கயிறு இடுப்பிலிருந்து நழுவிக் காலடியில் விழுந்தது. எடுத்து முடிச்சை இறுக்கிக் கட்டிக்கொண்டார். மத்தியானம் மறுபடி விழுந்தது. தோல் கறுத்து, நீளவாக்கில் சுருக்கம் விழ ஆரம்பித்தது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டிருக்கும்போது திடீரென்று கை தளர்ந்து செம்பு கீழே விழும். அதே நேரத்தில் எதிர்வீட்டுப் பூசன் ஒரே வெட்டில் பலாக்கட்டையைப் பிளந்து நிற்பான். சடைச்சிதான் முதலில் அதைக் கண்டுபிடித்தாள். ஊர்க்கவுண்டர் வரதன் ஆளை அனுப்பிச் சீரங்கனைக் கூட்டிவந்து, மிளகு நிறுக்கிற தராசில் ஒரு தட்டில் உட்காரவைத்து, பூசனை இளவட்டக்கல்லை மூன்று தரம் தூக்கச் சொன்னார். மூன்று தரமும் சீரங்கனின் தட்டு மேலே எழும்பியது, எதிர்த்தட்டிலிருந்து மூன்று படி மிளகை எடுத்த பிறகுதான் சமமாக நின்றது.

"சரிதான்," என்றார் ஊர்க்கவுண்டர். "நட்டவரு தாய்க்கிழங்கு. குடிச்சவங்க செடி. பிள்ளைக்கிழங்கு மண்ணுல இல்லாததால எல்லாத்தையும் அவரே குடுக்க வேண்டியிருக்குது."

ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. இனி எப்படி நடந்துகொள்வது என்றுதான் பேசினார்கள். திங்கட்கிழமை யாரும் சுமை தூக்கக்கூடாது, சீரங்கன் அன்றைக்கு மகளைக் குளிப்பாட்டி வெயிலில் உட்காரவைக்கட்டும். பெரிய வேலை எதுவானாலும் முன்னதாகக் கொம்பு ஊத வேண்டும், அவர் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுப் படுத்துக்கொள்வார். மற்றபடி அவர் வாசலில் வந்து கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும். அதற்குப் பதிலாக வீட்டுக்கு ஒரு முட்டையும் ஒரு ஆழாக்குப் பாலும் நாள்தோறும் அவர் வீட்டுக்கு வர வேண்டும்.

அப்புறம் வாசலில் கூட்டம்தான். "பெரிப்பா, ரெண்டு மரக்கா சாமை குத்திக்கட்டுமா?" "மாமா, காட்டுல ஒரு கல்லு இடைஞ்சலா கெடக்குது, பெரட்டிப் போட்டரட்டுமா?" "அண்ணே, கோயில் கொடை வருது, ஒரே ஒரு ஆட்டம்." சீரங்கன் பாயில் உட்கார்ந்து, கொடுத்தும் மறுத்தும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ஐப்பசியில் கல்யாணம் கட்டிய பூசன் ஒரு நாள் வந்து வாசற்படியைச் சுரண்டிக்கொண்டு நின்றான்.

"என்னடா, கல்லா?"

"கல்லு இல்லைங்க மாமா."

"நெல்லா?"

"நெல்லும் இல்லைங்க." பூசன் வானத்தைப் பார்த்தான். "புதுசாக் கட்டியிருக்கறேன் இல்லைங்களா..."

உள்ளே சடைச்சி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். படுத்திருந்த பூவாயி சிரித்த சத்தத்தை அந்த வீடு இரண்டு மாதம் கழித்துக் கேட்டது. "போடா, போ," என்றார் சீரங்கன். "வாரத்துல ரெண்டு நாளு. அதுக்கு மேல எனக்குத் தாங்காது."

முட்டையும் பாலும் அவர் உடம்பில் ஒட்டவில்லை, எவ்வளவு தின்றாலும் அது ஊருக்குத்தான் போனது. ஆகவே தன் பங்கையும் மகளுக்கே ஊட்டினார். பூவாயி முப்பத்துமூன்று ஆனாள், முப்பத்தைந்து ஆனாள், அவர் மகளைவிடக் குட்டையானார். கார்த்திகையில் ஊர் கொம்பு ஊத மறக்க ஆரம்பித்தது. தெம்பு ருசியாக இருந்தது. நாலு ஆள் தூக்குகிற கல்லை ஒருத்தன் தூக்கிப் புது மேடைக்காடு கட்டினார்கள், கிழவிகள் பலாப்பழத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஏற்றத்தில் ஓடினார்கள், பிள்ளைகள் காரணமே இல்லாமல் மரம் ஏறி இறங்கினார்கள். சீரங்கன் ஒவ்வொரு அடியையும் உடம்பில் உணர்ந்தார். தோளில் இழுத்தால் பூசன், இடுப்பில் பிடித்தால் ஊர்க்கவுண்டர் பெண்சாதி, விலாவில் குறுகுறுத்தால் பிள்ளைகள். இடது முழங்காலில் ஒரு வலி மட்டும் யாருடையது என்று வெகுநாள் தெரியவில்லை. ஒரு நாள் அரப்புளி வாசலைக் கடந்து போகும்போது, அவன் காலைத் தூக்கி வைக்க வைக்க முழங்கால் விண்விண்ணென்றது, அவன் நின்றான், வலியும் நின்றது.

"நீ குடிச்சேடா," என்றார் சீரங்கன்.

"சாமி சத்தியமா இல்லை மாமா."

"ஊருக்கு முன்னால மொதக் கரண்டி நீதான் குடிச்சிருக்கறே. சரி, பசிச்சிருக்கும். சத்தியமெல்லாம் வேண்டாம். மேடைக்கு வந்து கையை வெச்சு, ரெண்டையும் எடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ. எனக்கு அது போதும்."

அவர் இதை ஊர்க்கூட்டத்திலும் கேட்டார். தெம்பைத் திருப்பிக் கேட்கவில்லை, கிழங்கைக் கேட்கவில்லை, அந்த ஒரு வார்த்தையைக் கேட்டார். அரப்புளி எழுந்து, "நான் செஞ்சது புண்ணியம். புண்ணியம் பண்ணுனவன் எதுக்குங்க மண்ணுல கை வெக்கறான்?" என்றான். ஊர் தரையைப் பார்த்தது. அவன் எடுத்தேன் என்று சொன்னால் தாங்கள் குடித்தது என்ன என்று ஆகிவிடும், அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஊர்க்கவுண்டர், "பொங்கலுக்குப் பார்த்துக்கலாம்" என்று கூட்டத்தைக் கலைத்தார்.

தை பிறந்தபோது சீரங்கனைச் சடைச்சி முறத்தில் வைத்து வெயிலுக்கு எடுத்துவர வேண்டியிருந்தது. கையும் காலும் உடம்போடு ஒட்டிப்போய், ஒரு பிறந்த பிள்ளை அளவுக்கு இருந்தார், கண் மட்டும் பழையபடி பெரிய ஆளின் கண். பூவாயி முப்பத்தொன்பதரை. இன்னும் அரைக் கிலோ, ஒரு வாரம் போதும் என்று இருந்த நிலையில், ஒரு காலையில் அவளுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. கிள்ளினாலும் தெரியவில்லை. மூச்சு முட்டியது. பூசன் ஓடிப்போய், ஊருக்கு மேலே போன் சிக்னல் கிடைக்கிற பாறையில் ஏறி டாக்டரிடம் பேசிவிட்டு வந்தான். இன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் கொண்டுவந்தால் பார்க்கலாம், நாளைக்கு என்றால் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். பஸ் திரும்புகிற இடத்துக்கு ஆம்புலன்ஸ் வரும். எட்டு மைல் தூக்கி வருவது அவர்கள் பொறுப்பு.

தூளி கட்ட மூங்கில் வந்தது, எட்டுப் பேர் வந்தார்கள், முறத்தைப் பார்த்ததும் மூங்கிலைக் கீழே வைத்தார்கள். பூசன் ஓடிப்போய் வந்ததிலேயே அவர் ஒரு சாண் குறைந்திருந்தார்.

"எங்களால ஆவாதுங்க மாமா," என்றான் பூசன். "மூணு ஓடை தாண்டறதுக்குள்ள நீங்க இருக்கமாட்டீங்க. உங்களைக் கொன்னுட்டு உங்க பொண்ணைத் தூக்கிட்டுப் போனா நாங்க மனுசங்களா?"

"தூக்குங்கடா." சீரங்கனின் குரல் ஒரு பூச்சியின் அளவுக்கு வந்தது. குனிந்து கேட்டார்கள். "கல்லைத் தூக்கறப்ப யோசிச்சீங்களாடா? பலாப்பழத்தைத் தூக்கிட்டு ஓடறப்ப யோசிச்சீங்களா? எம் மவளைத் தூக்கறப்பத்தானா உங்களுக்கு மனசு வருது? தூக்குங்கடா. கும்பிடறேன், தூக்குங்க." கும்பிடக் கை இல்லை என்பதால் தலையை முறத்தில் முட்டினார். பொம்பளைகள் அழுதார்கள். ஒருத்தரும் மூங்கிலைத் தொடவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பூவாயியின் உதடு நீலம் பூத்தது.

அப்போது அரப்புளி துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு முன்னால் வந்தான். "வெலகுங்க. ஊர்ல அந்தக் கஞ்சியைக் குடிக்காத ஆம்பளை நான் ஒருத்தன்தான். நான் தூக்கினா மாமாவுக்கு ஒண்ணும் ஆவாது. எட்டு மைலும் நானே போறேன்."

ஊர் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டது. ஊர்க்கவுண்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அரப்புளி முறத்துப் பக்கம் குனிந்து பூவாயியை முதுகில் வாங்கியபோது இரண்டு பேருடைய கண்ணும் சந்தித்தன. நீ பொய் சொல்லுகிறாய் என்று சீரங்கன் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், அவன் அவளைக் கீழே இறக்கியிருப்பான், ஊர் சாயங்காலம்வரைக்கும் அழுதுகொண்டு நின்றிருக்கும். சீரங்கன் வாயை மூடிக்கொண்டார். வாழ்நாளில் அவர் விழுங்கியதிலேயே பெரியது அதுதான்.

அரப்புளி ஓடினான். முதல் ஓடையில் சீரங்கனின் இடது முழங்கால் போனது. இரண்டாவது ஓடையில் இடுப்பு. முதல் ஏற்றத்தில் அவர் ஒரு உள்ளங்கை அளவுக்கு வந்துவிட்டார், சடைச்சி முறத்தை வைத்துவிட்டு அவரை மடியில் எடுத்துக்கொண்டாள். எங்கேயோ அவன் நின்று பீடி பற்றவைத்திருக்க வேண்டும், கொஞ்ச நேரம் சுருங்கவில்லை, சீரங்கன் அந்த நேரத்திலும், "ஓடுடா, பீடி என்னடா பீடி" என்று பல்லைக் கடித்தார். பிறகு வழுக்குப்பாறை. பாறையில் ஒவ்வொரு அடியும் அழுத்தி அழுத்தி விழுந்தது, அந்த அடிகளில் ஒன்றுகூடத் தவறவில்லை, ஏனென்றால் மேலே மடியில் கிடந்தபடி சீரங்கன் தன்னிடம் இருந்த எல்லாவற்றையும், வயிற்றுச் சதையை, தொண்டைச் சதையை, பார்வையை, வழித்து வழித்து அந்தக் காலுக்குக் கொடுத்தார். மூன்றாவது ஓடை. கடைசி ஏற்றம். பிறகு சட்டென்று எல்லாம் நின்றது. வண்டியில் ஏற்றிவிட்டான் என்று அவருக்குத் தெரிந்தது. சடைச்சி மடியைப் பார்த்தாள். கட்டைவிரல் அளவுக்குக் கறுத்த, சுருங்கிய ஒன்று இருந்தது.

அவள் யாரையும் கூப்பிடவில்லை. வெறும் மேடாகக் கிடந்த அந்த மேடைக்குப் போய், கடுக்காய் மரத்து நிழலில் குழி பறித்து, புருசனை வாயில் அடக்கிக்கொண்டு, அவருடைய குளிர் போகிறவரைக்கும் உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் ஆனது. பிறகு அவர் பிறந்த வீட்டு வாசல் மண்ணில் ஒரு பிடியோடு சேர்த்து அவரை இறக்கி மூடினாள்.

ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது. தெம்பு குறைந்துபோய், பழையபடி நாலு பேர் தூக்குகிற கல்லை நாலு பேர் தூக்கினார்கள். மேடையைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றி நடந்தார்கள். அரப்புளியைக் கொடைக்கு முதல் மரியாதைக்காரன் ஆக்கினார்கள்.

மண்ணுக்கு அடியில் சீரங்கனுக்கு இன்னும் எல்லோருடைய நடையும் மெலிசாகக் கேட்டுக்கொண்டிருந்தது, எறும்பு ஊர்வது மாதிரி. பூசன் போகிறான், ஊர்க்கவுண்டர் பெண்சாதி போகிறாள். பங்குனியில் ஒரு நாள் தலைக்கு மேலே யாரோ உட்கார்ந்து, யாரோ கையை வைத்தார்கள். நடந்து வந்தது அவருக்குத் தெரியவில்லை. அந்த மலையில் அவருடைய தெம்பை எடுக்காமல் நடக்கிற கால் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும், அந்தக் கஞ்சியில் ஒரு கரண்டிகூடக் கிடைக்காத கால். எட்டு மைலும் பூவாயி தன் காலால் நடந்து வந்திருந்தாள், அதில் ஒரு அடிகூட அவருக்கு வலிக்கவில்லை.

"அப்பா," என்றாள் மண்ணிடம். அப்புறம் தலையைத் தூக்கி, "மாமா, இங்க வாங்க" என்றாள்.

அரப்புளி வந்தான். வருகிறது சீரங்கனுக்குத் தெரிந்தது.

"நீங்க தூக்கிட்டுப் போகலைன்னா நான் இல்லை. உங்க காலைத் தொட்டுக் கும்பிடறேன். ஆனா இங்க ஒரு தரம் கை வெச்சுச் சொல்லிடுங்க மாமா. யாரும் இல்லை, நானும் அம்மாவும்தான் இருக்கறோம்."

அரப்புளி இரண்டு கையையும் அக்குளுக்குள் வைத்துக்கொண்டான். "நான் என்ன எடுத்தேன்னு சொல்லச் சொல்றே? ஊரைக் காப்பாத்தினேன். உன்னைக் காப்பாத்தினேன்."

"டேய் தம்பி," என்றாள் சடைச்சி. "அவரு கேட்டது அது ஒண்ணுதான்டா."

"விடுக்கா. செத்தவருக்குக் காது கேட்குதா?" என்று சொல்லிவிட்டு அவன் திரும்பி நடந்தான், அடிக்கு ஒரு எள் அளவு அடியில் இருந்தவரிடமிருந்து எடுத்துக்கொண்டே நடந்தான்.

சித்திரையில் கோடை மழை கொட்டியது. காட்டில் புதைந்து கிடந்ததெல்லாம் முளைத்தது. சடைச்சி தினமும் வந்து, "இலை விடுங்களேன், உங்களைப் பார்க்கணும் போல இருக்குது" என்று மண்ணில் கன்னத்தை வைத்துக் கெஞ்சினாள். ஆனி போய் ஆடி வந்தது. ஈரம் இறங்கி அவரைத் தொட்டது, உள்ளே ஒரு முனை வெளுத்துப் புடைத்து நெட்டித் தள்ளியது, மேலே வா என்று மழை இழுத்தது. சீரங்கன் விடவில்லை. அந்தக் கை வந்து மேலே விழட்டும். அந்த வாய் சொல்லட்டும். மழை பெய்துகொண்டிருந்தது, மேடையில் ஓர் இலையும் வரவில்லை.